பாலும் வெண்ணெயும் கொடுத்தும் பாண்டியர் குதிரைகள் ஏன் செத்தன?

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் என்றொரு ஊர் இருக்கிறது. இன்று அமைதியான ஊர். ஏறக்குறைய 730 வருடங்களுக்கு முன்னால், கப்பல்கள் வரிசைகட்டி நின்ற பெரிய துறைமுகம் அது. ஹோர்முஸ், கிஷ், ஏடன் என மேற்கிலிருந்து வந்த கப்பல்களில் முக்கியமான சரக்கு என்ன தெரியுமா? குதிரை!

1290-களில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அதைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறார். பாண்டிய நாட்டை ஆண்ட சகோதரர்களில் ஒருவர் மட்டுமே வருடத்துக்கு 2,000-க்கும் அதிகமான குதிரைகளை வாங்குவாராம். விலையோ யானை விலை, குதிரை விலை என்போமே, அப்படி. ஆனால் வருட முடிவில் எண்ணிப் பார்த்தால் 100 குதிரைகூட உயிரோடு மிஞ்சாதாம்.

காரணத்தையும் அவரே சொல்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை. குதிரை விற்ற வியாபாரிகளோ, குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை இந்தப் பக்கம் வரவே விடுவதில்லை. இருக்கிற குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம் நடக்கும்! குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்துப் போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு பட்டியல் தருகிறார். பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லி, வெண்ணெயில் பக்குவம் செய்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். வந்திறங்கிய குதிரை கொழுக்க வேண்டும் என்று 40 நாள் கொட்டிலில் கயிறும் முளையுமாகக் கட்டிப்போடுவார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி உட்கார்ந்து விரட்டுவார்கள் என்கிறார் அவர்.

எழுதிய இருவருமே வெளியூர்க்காரர்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கெடுதல் செய்ய நினைத்துக் கொடுத்த பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. சோறு, பால், வெண்ணெய், ஓய்வு... வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தருவதையெல்லாம் குதிரைக்கும் தந்திருக்கிறார்கள். மனிதனுக்கு எது சுகமோ அதுவே குதிரைக்கும் சுகம் என்று நினைத்ததுதான் வினையாகிப் போயிருக்கிறது.

இந்த நினைப்பு பாண்டியர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. மெரினாவில் சவாரிக் குதிரைக்குப் பிள்ளைகள் பிஸ்கெட் நீட்டுகிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வந்த குதிரைக்கு மிச்சமான பூரியும் கேசரியும் வாளியில் போகிறது. ஊட்டியில் சாலையோரம் திரியும் குதிரைகள் குப்பைத்தொட்டியைக் கிளறுவதை, ‘பாவம், ஏதோ சாப்பிடட்டும்’ என்று பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம்.

மாட்டைத் தெரிந்த அளவுக்கு நமக்குக் குதிரையைத் தெரியாது. அதனால் குதிரையையும் ஒரு மாடு என்றே நினைத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். கிடைத்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு நிழலில் படுத்து நிதானமாக அசை போடலாம். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை வெறும் 8 முதல் 15 லிட்டர்தான். அசை போடத் தெரியாது. இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன தவறான உணவு திரும்பி வர வழியே இல்லை.

இயற்கையாக மேயும் குதிரை ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் மெல்ல மெல்லக் கொறித்துக்கொண்டே இருக்கும். அதன் இரைப்பையில் அமிலமும் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். அந்த அமிலத்தைத் தணிப்பது எச்சில். அந்த எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். புல்லை நீண்ட நேரம் மெல்லும் குதிரைக்கு மருந்து அதன் வாயிலேயே இருக்கிறது. காலையில் ஒரு வாளி தானியம், ராத்திரி ஒரு வாளி தானியம், நடுவில் வெறும் வாய் என்று நிற்கும் குதிரைக்கு வயிறு புண்ணாகிறது. ‘மரத்தைக் கடிக்கிறது, கயிற்றைக் கடிக்கிறது, திமிர் பிடித்த குதிரை’ என்று திட்டுவதற்கு முன், அதற்கு முன்னால் புல் கிடக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

புல்லில் உள்ள நார் செரிப்பது இரைப்பையில் அல்ல, அதற்கு வெகுதூரம் பின்னால் இருக்கும் பெருங்குடலில். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்குப் பழகியது நார். சோறு, ரொட்டி, தானியம் என மாவுப்பொருள் ஒரேயடியாக உள்ளே போனால், சிறுகுடல் செரிக்க முடியாததெல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. அது புளித்து அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, நச்சுப்பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. முதலில் வயிற்றுவலி வரும். அதைத் தாண்டிவிட்டாலும் அடுத்த அடி விழும் இடம் யாரும் எதிர்பார்க்காதது... குளம்பு!

குளம்புக்குள் இருக்கும் எலும்பு, மெல்லிய தசை இதழ்களால் குளம்புச் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. குதிரையின் முழு எடையும் அந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. நச்சு பரவும்போது அந்த இதழ்கள் அழற்சி கண்டு பிடி விட்டுப் போகின்றன. லாமினைடிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். முன்கால்களை நீட்டி, எடையைப் பின்பக்கம் சாய்த்து, சூடான தரையில் நிற்பதைப் போலக் குதிரை நிற்கும். ஒரு வாளிச் சோற்றில் தொடங்கிய கதை, நடக்க முடியாத குதிரையில் போய் முடியும். காயலில் இறங்கிய அரபுக் குதிரைகள் எத்தனையோ இப்படித்தான் போயிருக்கும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

சரி, என்னதான் கொடுப்பது? முதல் பதில் புல், இரண்டாவது பதிலும் புல். குதிரையின் எடையில் 1.5 முதல் 2 சதவிகிதம், காய்ந்த எடையாகக் கணக்கிட்டு, தினமும் வேண்டும். 300 கிலோ எடையுள்ள நம்மூர்ச் சவாரிக் குதிரைக்கு நாளொன்றுக்கு 4.5 முதல் 6 கிலோ காய்ந்த புல். பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால், பச்சையாகப் போட்டால் 20 கிலோவுக்கு மேல் ஆகும். பிள்ளையாருக்குப் பிடித்த அருகம்புல் குதிரைக்கும் அருமையான தீவனம். குதிரைமசால் என்று ஒரு பயறுவகைத் தீவனம் உண்டு; பேரிலேயே குதிரை இருக்கிறது. புரதமும் கால்சியமும் நிறைந்தது, புல்லோடு கொஞ்சமாகச் சேர்க்கலாம். (குதிரைவாலி மட்டும் பேரில்தான் குதிரை. அது நாம் சாப்பிடுவதற்கு!)

கொள்ளு? உழைக்கிற குதிரைக்குத் தரலாம். ஊறவைத்து, அளவாக, பல வேளைகளாகப் பிரித்துத் தர வேண்டும். 300 கிலோ குதிரைக்கு எந்தத் தானியமானாலும் ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. சவாரி இல்லாத நாளில் அதையும் குறைத்துவிட வேண்டும். ஐரோப்பாவில் வண்டி இழுத்த குதிரைகளுக்கு ‘திங்கட்கிழமை நோய்’ என்றே ஒன்று இருந்தது. வாரம் முழுக்க உழைத்த குதிரை ஞாயிறன்று நின்றபடியே முழுத் தானியத்தையும் சாப்பிடும். திங்கட்கிழமை வண்டியில் பூட்டியதும் தசைகள் மரக்கட்டையாக இறுகி, காப்பி நிறத்தில் சிறுநீர் போகும். 40 நாள் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்துவிட்டு ஒரே நாளில் விரட்டியது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

தவிடு விஷயத்தில் நம்மூரில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. விலை குறைவு, வயிறு நிறைகிறது என்று கோதுமைத் தவிட்டையும் அரிசித் தவிட்டையுமே முக்கிய உணவாகக் கொடுப்பவர்கள் உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்கிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் முக எலும்புகள் மென்மையாகி வீங்கிவிடும், நொண்டலும் வரும். மாவு மில் வைத்திருந்தவர்களின் குதிரைகளுக்கு இது அதிகம் வந்ததால், அந்தக் காலத்தில் மேல்நாட்டில் இதற்கு மில்காரர் நோய் என்று பேர். தவிடு ஒரு கை சேர்மானமாக இருக்கட்டும், சாப்பாடாக வேண்டாம்.

கடற்கரைக் குதிரைகளுக்கு மட்டும் ஒரு தனி வம்பு இருக்கிறது. தீவனத்தைத் தரையில் கொட்டினால் புல்லோடு மணலும் உள்ளே போகும். அது குடலில் படிந்து படிந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தரையில் ஒட்டாத மேல்பகுதியிலிருந்து கொஞ்சம் லத்தியை எடுத்து, கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அடியில் மணல் தங்கினால், உடனே தீவனத் தொட்டிக்கு மாற வேண்டும் என்று அர்த்தம். ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியோ ரப்பர் விரிப்போ போதும். ஒரே ஒரு குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொட்டி எவ்வளவு பெரிய காப்பீடு!

தண்ணீருக்கு வருவோம். 300 கிலோ குதிரை சும்மா நின்றாலே 15 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். சென்னை வெயிலில் வேலை பார்த்தால் இது இரண்டு, மூன்று மடங்காகும். ‘ஓடி வந்த குதிரைக்குத் தண்ணி காட்டாதே’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது இன்று ஏற்கப்படுவதில்லை; களைத்து வந்த குதிரைக்குத் தண்ணீர் தரலாம், மேலே ஊற்றவும் செய்யலாம். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் நடந்தபோது, அந்த ஊர் வெப்பத்தைக் குதிரைகள் எப்படித் தாங்கும் என்று முன்கூட்டியே ஆராய்ந்தார்கள். குளிர்ந்த நீரை உடம்பெங்கும் திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் சூட்டைத் தணிக்கச் சிறந்த வழி என்று அதில் தெரிந்தது.

குதிரையின் வியர்வை நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சோப்பைப் போல வேலை செய்யும் ஒரு புரதம் இருக்கிறது. அடர்ந்த முடியின் மேல் வியர்வையைப் பரப்பிச் சீக்கிரம் ஆவியாக்குவது அதன் வேலை. அந்த வியர்வை நம் வியர்வையைவிட உப்பு மிகுந்தது. அதனால் தினமும் சுமார் 30 கிராம் சாதாரணச் சமையல் உப்பை, அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவுக்குச் சற்றுக் குறைவாக, தீவனத்தில் சேர்ப்பது அவசியம். வியர்த்துக் கொட்டுகிற நாளில் இன்னும் கொஞ்சம். பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வயிறு அடங்கிய குதிரைக்கு அடுத்த சுகம் கை வழியாக வருவது. இரண்டு குதிரைகள் நட்பாக இருந்தால் எதிரும் புதிருமாக நின்று ஒன்றின் பிடரியை மற்றொன்று பல்லால் மெல்லச் சொறிந்துவிடும். குறிப்பாக, பிடரி முடி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில். பிரான்ஸின் கமார்க் பகுதிக் குதிரைகளை வைத்து 1993-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த மேட்டருகே கையால் சொறிந்துவிட்டபோது இதயத்துடிப்பு குறைந்தது. உடம்பின் வேறிடத்தில் அதையே செய்தபோது அப்படிக் குறையவில்லை. நாமோ குதிரையைப் பார்த்ததும் நேராக முகத்தில் தட்டுகிறோம், அல்லது கழுத்தில் பட்பட்டென்று அடிக்கிறோம். அது பாராட்டு என்பது நமக்குத்தான் தெரியும்.

ராணுவக் குதிரை லாயங்களில் மாலிஷ் என்பது தினசரி வேலை. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும், வைக்கோலை முறுக்கிச் சுருட்டி, வியர்த்த முதுகையும் தோளையும் முடியின் போக்கில் அழுத்தித் தேய்ப்பார்கள். வீட்டில் ஒரு குதிரை வைத்திருப்பவரும் பத்து நிமிடம் இதைச் செய்யலாம். முதலில் உள்ளங்கையை விரித்துக் கழுத்தில் வைத்து, அவசரமில்லாமல் தோள், முதுகு, இடுப்பு என்று நகர வேண்டும். குதிரை தலையைத் தாழ்த்தி, கீழுதட்டைத் தளர்த்தி, கண்ணைப் பாதி மூடினால் கை சரியான இடத்தில் இருக்கிறது. காதைப் பின்னுக்கு மடக்கினாலோ, தோல் சிலிர்த்தாலோ, முதுகைப் பள்ளமாக்கி நழுவினாலோ அங்கே வலி இருக்கிறது. ஓர் ஈ உட்கார்ந்தாலே உணர்ந்து உதறும் தோல் அது. முரட்டுக் கை தேவையே இல்லை.

இன்னொரு எளிய பயிற்சியும் உண்டு. ஒரு கேரட்டைக் காட்டி, குதிரையின் வாயை அதன் மார்பு, விலா, இடுப்பு என்று மெதுவாகத் திருப்பவைப்பது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 8 குதிரைகளுக்கு வாரம் 5 நாள் வீதம் 3 மாதம் இப்படிச் செய்ய வைத்தார்கள். முதுகெலும்பை ஒட்டித் தாங்கிப்பிடிக்கும் ஆழ்ந்த தசைகள் பருத்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. இதற்காகும் செலவு கேரட் விலைதான். ஆனால் நொண்டுகிற குதிரைக்கு மாலிஷும் கேரட்டும் வைத்தியம் ஆகாது. அங்கே மருத்துவர்தான் வேண்டும்.

தேய்த்துவிட்ட முதுகின் மேல் மறுபடி பொருந்தாத சேணத்தை ஏற்றினால் எல்லாம் வீண். குதிரைக்குப் பணம் கொடுத்து ஏறுகிற நாமும் கவனிக்க வேண்டிய இடம் இது. சேணம் உட்காரும் இடத்தில், கருப்பு அல்லது பழுப்புக் குதிரையின் மேல், திட்டுத்திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது அழகு மச்சம் அல்ல. முன்பு சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறிய தழும்பு. எடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 300 கிலோ மட்டக் குதிரைக்கு அது 60 கிலோ. மலை ஊரில் குழந்தை இறங்கியதும், ‘நானும் ஒரு ரவுண்டு’ என்று ஏறும் 85 கிலோ அப்பாக்கள், கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். லாடம் தேயவில்லை என்றாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, செதுக்கி, அடிக்க வேண்டும். ‘லாடம் இன்னும் நல்லாத்தான் இருக்கு’ என்று மிச்சம் பிடிக்கும் காசு, மூட்டுவலியாகத் திரும்பி வரும். தினமும் நான்கு காலையும் தூக்கி, அடியில் சேர்ந்த கல்லையும் சாணத்தையும் சுரண்டி எடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஈரமும் அழுக்கும் தேங்கினால் குளம்பின் நடுவிலுள்ள முக்கோணப் பகுதி அழுகி நாற்றமடிக்கும்.

படுக்கை? நின்றுகொண்டே தூங்கும் பிராணிக்குப் படுக்கை எதற்கு என்று கேட்பார்கள். பாதி உண்மைதான். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு குதிரையால் நின்றபடி கண்ணயர முடியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், தினமும் கொஞ்ச நேரமாவது. கழுத்துக் கயிறு குட்டையாக இருந்தாலும், தரை சேறாக இருந்தாலும், இடம் பயமாக இருந்தாலும் அது படுக்காது. நாள்கணக்கில் படுக்காத குதிரை நின்றபடியே தூங்கி முன்னங்கால் மடங்கி விழும். முழங்கால் முன்புறத்தில் முடி தேய்ந்த தழும்பு அதனால்கூட இருக்கலாம்.

குதிரை கத்தி அழுகிற பிராணி அல்ல. வேட்டையாடப்படும் விலங்கு வலியை வெளியே காட்டினால் புலிக்கு வசதியாகிவிடும் என்பதால், அடக்கிக்கொள்ளும் இயல்பு அதற்கு. முகத்தைத்தான் படிக்க வேண்டும். 2014-ல் ஆய்வாளர்கள் அதற்கென ஓர் அளவுகோலே வகுத்தார்கள். இரண்டு காதும் விறைத்துப் பின்னோக்கியிருப்பது, கண்ணுக்கு மேலே தோல் இழுத்துப் பிடித்திருப்பது, தாடைத் தசை புடைத்திருப்பது, வாய் இறுகி மேலுதடு பின்னுக்கு இழுத்திருப்பது, மூக்குத் துவாரம் இறுகியிருப்பது... எல்லாமே வலியின் எழுத்துகள்.

அதோடு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறண்டுவது, படுப்பதும் எழுவதுமாகப் புரள்வது, லத்தி போடாதிருப்பது என்று சேர்ந்தால் அது வயிற்றுவலி. குதிரைகளின் உயிரைப் பறிக்கும் அவசரநிலைகளில் முதன்மையானது. காலை வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. தீவனத்தை உடனே எடுத்துவிட்டு, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மாட்டுக்குச் செய்வதைப் போல மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியைவிடச் சீக்கிரம் கொன்றுவிடும். மருத்துவர் வரும்வரை, குதிரை ஒத்துழைத்தால் மெல்ல நடத்தலாம். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கவிடலாம். அவர் வந்ததும் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்: கடைசியாக லத்தி போட்டது எப்போது, தண்ணீர் குடித்தது எப்போது, நேற்றிலிருந்து புதிதாக என்ன சாப்பிட்டது, யார் கொடுத்தது.